பூனை யாரிடம் பேசுகிறது?

அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கும் சப்தம் கேட்டதோ இல்லையோ, 'மியாவ்' என்று காலைச் சுற்ற வந்துவிடுகிறது. பூனை வளர்க்கும் வீட்டில் இது தினசரி நடக்கிற சங்கதி. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து 'மியாவ்' என்று சொல்லிக்கொள்வது அபூர்வம். சீறும்; உறுமும்; ஜோடி தேடும் காலத்தில் தெருவையே எழுப்பிவிடும்படி ஓலமிடும். மற்றக் காரியங்களை வாலாலும் காதாலும் வாசனையாலுமே முடித்துக்கொள்ளும். 'மியாவ்' பெரும்பாலும் நமக்கென்று எடுத்துவைத்த பாஷை!

குட்டியாக இருந்தபோது கற்ற பாஷை அது. பசித்தாலும் குளிர்ந்தாலும் குட்டி, தாயைக் கூவி அழைக்கும். வளர்ந்ததும் தாயிடம் அந்தக் கூப்பாடு நின்றுபோகிறது. மனிதரிடம் மட்டும் நிற்பதில்லை. சோறு போடுகிறவளே தாயார் என்று தீர்மானித்துவிடுகிறது போலும்! தாய்ப் பூனை குட்டிகளை அழைப்பது வேறு தினுசு. வாயைத் திறக்காமல் 'ம்ர்ர்' என்று மெல்ல உருட்டும். நீங்கள் வெளியே போய்த் திரும்பும்போது உங்களையும் அப்படி வரவேற்றால், பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

மில்ட்ரெட் மோல்க் என்ற பெண்மணி 1944-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பூனையின் குரலை 16 வகையாகப் பிரித்தார். வாயை மூடியபடி எழுப்புவது, திறந்து மெல்ல மூடுவது, திறந்தபடியே இறுக்கிக் கத்துவது என்று அவற்றில் மூன்று பெரும் பிரிவுகள். 'மியாவ்' இரண்டாவது பிரிவு. நீங்களே சொல்லிப் பாருங்கள், வாய் தானாகத் திறந்து மூடும்.

அப்படியானால் பூனை பாஷைக்கு அகராதி போட்டுவிடலாமே என்றால், அங்கேதான் சிரமம். முன்பின் தெரியாத பூனையின் 'மியாவ்' எதற்காக என்று கேட்டால், பலரும் ஏறக்குறைய குருட்டாம்போக்கில்தான் பதில் சொல்கிறார்கள். தன் வீட்டுப் பூனை பாலுக்குக் கத்துகிறதா, கதவுக்குக் கத்துகிறதா என்பது வீட்டுக்காரிக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியாது. எந்தக் குரலுக்குக் கதவு திறக்கிறது என்று பூனையும் வெகு கவனமாகப் பார்த்துக்கொள்கிறது.

இதில் அதன் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த காரென் மக்கோம்ப் என்ற விஞ்ஞானி 2009-ல் ஒரு விஷயத்தை வெளியிட்டார். சாப்பாடு கேட்கும் சில பூனைகளின் 'குர்குர்' ஒலிக்குள், கைக்குழந்தையின் அழுகையை ஒத்த மெல்லிய கீச்சுக் குரலும் ஒளிந்திருக்கிறதாம்! பூனை வளர்த்தே அறியாதவர்களுக்குக்கூட அந்தக் குரல் அவசரமானதாகத் தோன்றியது. தூக்கத்திலிருந்து நாம் எழுந்து போவதில் என்ன ஆச்சரியம்?

'குர்குர்' என்றால் சந்தோஷம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அடிபட்டு வலியில் கிடக்கும் பூனையும், பிரசவ வேதனைப்படும் பூனையும் அப்படி ஒலி எழுப்புவதுண்டு. ஆகையால் பழகிய குரல் மாறினால் கவனிக்க வேண்டும். வயதான பூனை இரவில் ஓயாமல் ஊளையிட்டால் காது மந்தமாகியிருக்கலாம், தைராய்டுக் கோளாறும் இருக்கலாம். எல்லாவற்றிலும் அபாயமானது ஒன்று: கடுவன் பூனை குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க உட்கார்ந்து, ஒரு சொட்டும் வராமல் கத்தினால், சிறுநீர்த் தாரை அடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டொரு நாளில் உயிரையே வாங்கிவிடும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.