உங்களுக்குத் தெரியுமா? பூமியை எடைபோட்ட ஈயக் குண்டுகள்

நியூட்டன் ஈர்ப்பு விதியை 1687-இல் வெளியிட்டார். ஆனால் நம் கண்முன் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுப்பதை ஆய்வகத்தில் அளந்து காட்ட மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதற்கான கருவியை வடிவமைத்தவர் ஜான் மிச்செல் என்ற பாதிரியார். பயன்படுத்திப் பார்க்குமுன் 1793-இல் இறந்துவிட்டார். கருவி கைமாறி, லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் என்ற அறிவியலாளரிடம் வந்தது. மெல்லிய கம்பியில் தொங்கும் ஆறடி மரத்தண்டு. அதன் இரு முனையிலும் சிறு ஈயக் குண்டுகள். அவற்றின் அருகே தலா 158 கிலோ எடையுள்ள பெரிய ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்தால், தண்டு மெல்ல, மிக மெல்லத் திரும்பும். குண்டுகளுக்கு இடையே இருந்த இழுவிசை ஏறக்குறைய ஒரு மணல் துகளின் எடைதான்! மனித உடலின் சூடு கிளப்பும் காற்றோட்டமே அளவைக் கெடுத்துவிடும் என்பதால் கேவண்டிஷ் அறையை மூடிவிட்டு, சுவரில் பொருத்திய தொலைநோக்கி வழியாக வெளியிலிருந்தே பார்த்தார். எத்தனை பொறுமை வேண்டும்!

இந்த இழுவிசையை, சிறு குண்டைப் பூமி இழுக்கும் விசையோடு ஒப்பிட்டால் பூமியின் எடையும் அடர்த்தியும் தெரிந்துவிடும். 1798-இல் வந்த முடிவு: பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 5.5 மடங்கு. இன்றைய அளவு 5.51. மேற்பரப்புப் பாறைகளின் அடர்த்தியோ அதில் பாதிதான். ஆகவே பூமியின் உள்ளே இரும்பு போன்ற கனமான பொருள் இருந்தாக வேண்டும்.