கழுத்தில் நெறி கட்டினால்...

காசநோய் என்றதும் நமக்கு இருமலும் சளியும்தான் ஞாபகம் வரும். இருமலே இல்லாமல் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவு கட்டியாகவும் அது வரும். இதற்கு நிணநீர் முடிச்சுக் காசநோய் என்று பெயர். பெரியவர்கள் கண்டமாலை என்பார்கள். இங்கிலாந்தில் அரசர் கை பட்டால் இது தீரும் என்று நம்பினார்கள். பின்னாளில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனைச் சின்னக் குழந்தையாக இருந்தபோது 1712-ல் ஆன் ராணியிடம் கூட்டிப்போனார்கள். ராணி தொட்டும் தீரவில்லை!

பல்வலி, தொண்டைப்புண், தலையில் பேன் எதனாலும் நெறி கட்டும். அது வலிக்கும், சில நாளில் அமுங்கிவிடும். காசநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதுதான் வில்லங்கமே. வலிக்காததை யார் டாக்டரிடம் காட்டுவாங்க? பெண்பிள்ளைகள் துப்பட்டாவால் மறைப்பார்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று வீட்டிலும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு வாரம் தாண்டியும் கட்டி அமுங்காவிட்டால், காய்ச்சலோ எடைக் குறைவோ இல்லாவிட்டாலும், காட்டியே ஆகவேண்டும்.

கையால் தொட்டுப் பார்த்து மட்டும் இன்ன நோய் என்று அடித்துச் சொல்ல முடியாது. புற்றுநோய்க் கட்டியும் இப்படி இருக்கலாம். அதனால் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதே சாம்பிளை சி.பி.நாட் கருவியில் போட்டால், கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று சுமார் 2 மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊசியில் தெளியாவிட்டால் முடிச்சையே எடுத்து பயாப்சி செய்வார்கள். எடுத்ததை முழுக்க ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் அதை வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு பாதி சலைனில் போகணும். எந்தச் சோதனை என்று தெரிந்துதானே நாமும் லேபில் சாம்பிள் எடுக்கிறோம்? நெஞ்சு எக்ஸ்ரேயும் அவசியம், நுரையீரலிலும் நோய் இருக்கலாம்.

சூடு போடுவது, பிளேடால் கீறிவிடுவது இரண்டும் கூடவே கூடாது. கீறின இடம் மாசக்கணக்கில் ஆறாமல் கசியும்.

ஒரு காலத்தில் இதற்கு ஒன்றரை வருஷம்கூட மருந்து கொடுத்தார்கள். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், குழந்தைகளுக்கு 6 மாத மருந்தே போதும் என்று காட்டி, அந்த முடிவை 1990-ல் வெளியிட்டது. நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் கிடைத்த சான்று அது! இன்று முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து, எடைக்கேற்ற அளவில் தினமும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசு வாங்காமல் கொடுப்பார்கள். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்படாதீங்க, அது ரிஃபாம்பிசின் வேலை. ஆனால் கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

பலர் ஏமாறுவது கட்டியின் அளவைப் பார்த்துத்தான். சிலருக்கு மருந்து தொடங்கிய பிறகு கட்டி பெருக்கும், பக்கத்தில் புதிதாகவும் ஒன்று கிளம்பும். செத்த கிருமியோடு உடம்பு மல்லுக்கட்டுவதாலும் அப்படி ஆகும். டாக்டரிடம் காட்டணும், மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. வேறு சிலருக்கு இரண்டே மாதத்தில் கட்டி கரைந்துவிடும். அவர்களும் 6 மாதம் முழுக்கச் சாப்பிட்டே ஆகணும். முடித்த பிறகும் பட்டாணி அளவு தழும்புக்கட்டி தங்கினால், அது வளராதவரை அதற்காக மறுபடி மருந்து தேவைப்படாது.