உங்களுக்குத் தெரியுமா? மூன்று மாத மழை ஒரே நாளில்!

வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் தமிழ்நாட்டில் பெய்யும் சராசரி மழை சுமார் 44 செ.மீ. கடலூர் மாவட்டத்தின் வேப்பூருக்குக் கிழக்கே உள்ள நெய்வேலியிலோ, 2015 நவம்பர் 9-10 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 48 செ.மீ. கொட்டித் தீர்த்தது!

● வேப்பூர் வட்டாரத்து மழைநீர் வேப்பூரோடு நிற்பதில்லை. மணிமுத்தாற்றில் சேர்ந்து, விருத்தாசலத்தைக் கடந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது.

● அங்கே காத்திருக்கிறது ஓதம். நாளுக்கு இருமுறை கடல்மட்டம் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாக ஏறும். இந்தக் கரையில் ஏற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். ஆனால், நிலம் தாழ்வு. புயலில் கடல் பொங்கும் நேரமும் ஓதம் ஏறும் நேரமும் ஒன்றானால், ஆற்று வெள்ளம் வடிய வழியின்றி வயல்களில் தேங்கும்.

● வெள்ளம் வர உள்ளூர் மழையே வேண்டும் என்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் நிரம்பிய சாத்தனூர் அணை திறக்கப்பட்டது. அந்த நீரால் தென்பெண்ணை ஆறு பெருக்கெடுத்து, கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

● வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. அலையின் வேகத்தைத் தணிப்பது அதன் வேலை.