சிவப்பு விரிப்புத் தேடுவோருக்கு

ரெக்ஸ்டேல் மாடிவீடுகளில் வாழும் எமக்கு நில விரிப்பு ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகள் ஓடி விளையாடும் சத்தம் கீழ்வீட்டாருக்கு இடிபோலக் கேட்கும். முறைப்பாடு கூடினால் வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து கடிதமும் வரும். ஆகவே விரிப்பின் கீழே போடும் தடித்த அடிவிரிப்பையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

பூவேலை செய்த கருஞ்சிவப்பு தேநீர்க் கறையை மறைக்கும். ஆனால் கடை வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிவது வீட்டில் மண்ணிறமாகலாம். சோபா உறையொன்றைக் கையோடு கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கம்பளி வெதுவெதுப்பானது, விலையும் கூட. மஞ்சள் பட்டால் சாயம்போலப் பிடித்துக்கொள்ளும். பொலிபுறொப்பிலீன் மலிவு, தண்ணீரை உறிஞ்சாது. எண்ணெய் சிந்தினால் மட்டும் உடனே சவர்க்காரம் போட்டுத் துடைக்க வேண்டும். கையால் நெய்ததானால் 'குட்வீவ்' முத்திரையைப் பார்ப்போம். 1994 இல் 'ரக்மார்க்' என்ற பெயரில் தொடங்கிய அது, சிறுவர் உழைப்பின்றி நெய்ததற்கு அடையாளம்.

விலைச்சீட்டில் 100 டொலர் என்றிருந்தால், 13 வீத வரியுடன் 113 டொலர் என்பதை மறக்கலாகாது.

குப்பையறையருகே கிடக்கும் விரிப்பு இலவசந்தான். அதன் மடிப்பில் மூட்டைப்பூச்சி இருந்தால், கட்டில் மெத்தையையும் எறிய நேரும். அதைத் தொடாமல் விடுவோம்.

கட்டில், மேசைக்கே காசு போதாத புதியவர்கள், 1998 இல் ரொறன்ரோவில் தொடங்கிய 'பேர்ணிச்சர் பாங்க்' நிறுவனத்தைக் குடியமர்வு உதவியாளர் மூலம் நாடலாம். அங்கு மிச்சமாகும் காசு, பிள்ளைகள் பயமின்றி ஓடி விளையாடும் விரிப்புக்கு உதவட்டும்.