கூரையின் எடை எங்கே போகிறது?

"டீச்சர், எங்கள் வீட்டுப் போர்ச்சுக்கு ஓட்டுக் கூரை போடப் போகிறோம். தூண் தாங்குமா?"

படிவம் மூன்று மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் இப்படிக் கேட்டார். அவர்களுடையது வரிசை வீடு. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே இரும்புச் சட்டமும் பாலிகார்பனேட் தகடும் இருந்தன. மதிய வேளையில் அதன் கீழே அனல் தாங்க முடியவில்லை. பாட்டிக்கோ அங்கே நாற்காலி போட்டு உட்காரத்தான் விருப்பம். அதனால் தகட்டைக் கழற்றிவிட்டு ஓடு போட அப்பா முடிவு செய்தார். "பத்து வருடமாக அசையாமல் நிற்கும் தூண், கண்டிப்பாகத் தாங்கும்" என்று குத்தகையாளரும் சொல்லிவிட்டார்.

மாணவர்களே, அந்தக் குத்தகையாளரின் பேச்சைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தூண் பத்து வருடம் நின்றது உண்மைதான். ஆனால், எந்தச் சுமையைத் தாங்கி நின்றது? தம்பியைத் தினமும் தாங்கும் பிளாஸ்டிக் முக்காலி, மாமா உட்கார்ந்தாலும் தாங்கும் என்று சொல்ல முடியுமா? இதுவரை நின்றது என்பது பழைய சுமைக்கு மட்டுமே சாட்சி. புதிய சுமைக்குப் புதிய கணக்கு வேண்டும்.

முதல் கணக்கு: எவ்வளவு எடை?

போர்ச்சின் அகலம் 6 மீட்டர், நீளம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 30 சதுர மீட்டர்.

3 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிகார்பனேட் தகடு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3.6 கிலோகிராம். 30 சதுர மீட்டருக்கு 108 கிலோகிராம்.

கான்கிரீட் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமர்வதால், சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிலோகிராம் வரும். 30 சதுர மீட்டருக்கு 1,350 கிலோகிராம். கீழே சிலிங் பலகை அடித்தால் சதுர மீட்டருக்கு இன்னும் ஒரு 7 கிலோகிராம். அதாவது 210 கிலோகிராம். மொத்தம் 1,560 கிலோகிராம்.

பழைய சுமையைப் போல் 14 மடங்கு! ஒரு மைவி காரின் எடை ஏறக்குறைய 1,000 கிலோகிராம். கீழே நிற்க வேண்டிய காரை, இன்னும் அரைக் காரோடு சேர்த்துக் கூரைமேல் ஏற்றியதற்குச் சமம் இது. மழையில் ஓடு சிறிது நீரை உறிஞ்சும்போது எடை மேலும் கூடும்.

இரண்டாவது கணக்கு: எடை எந்த வழியாக இறங்குகிறது?

எடை கூரையோடு நின்றுவிடுவதில்லை. ஓட்டிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து உத்திரத்துக்கு, உத்திரத்திலிருந்து தூணுக்கும் வீட்டுச் சுவருக்கும், அங்கிருந்து அடித்தளத்துக்கு, கடைசியில் மண்ணுக்கு. சங்கிலியில் ஒரு வளையம் பலவீனமாக இருந்தால் போதும்; மற்ற வளையங்கள் எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயனில்லை. ஆகவே "தூண் தாங்குமா?" என்ற கேள்வி மட்டும் போதாது. ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

உத்திரம்: வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அடிக்கோலை 12 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு புத்தகங்கள்மேல் கிடத்துங்கள். நடுவில் சில நாணயங்களை அடுக்கி, எவ்வளவு வளைகிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு இடைவெளியை 24 சென்டிமீட்டராக்குங்கள். அதே நாணயங்கள்தான், ஆனால் வளைவு இரு மடங்கல்ல, ஏறக்குறைய 8 மடங்கு! இப்போது அடிக்கோலை விளிம்பில் நிற்கும்படி திருப்பிப் பிடியுங்கள். வளைவு கண்ணுக்கே தெரியாது. உத்திரத்தின் வலிமையில் அதன் உயரத்துக்கு எவ்வளவு பெரிய பங்கு இருக்கிறது என்பது புரிகிறதா?

போர்ச்சின் முன் உத்திரம் இரண்டு தூண்களுக்கு இடையே 6 மீட்டர் தூரம் தாங்கலின்றிக் கிடக்கிறது. தகட்டின் எடையால் அது 2 மில்லிமீட்டர் வளைந்தது என்று வைத்துக்கொண்டால், 14 மடங்கு எடையில் 28 மில்லிமீட்டர் வளையும். அதுவும், இரும்பு தன் மீள்தன்மை எல்லைக்குள் இருந்தால்தான். அந்த எல்லையைத் தாண்டினால் வளைந்தது நிமிராது.

சுவர்: கூரையின் ஒரு பக்கம் வீட்டோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். எடையில் பாதி, அதாவது 780 கிலோகிராம், அந்த இணைப்பில்தான் தொங்குகிறது. நம் நாட்டுப் பல வரிசை வீடுகளில் சுமையைத் தாங்குபவை கான்கிரீட் தூண்களும் உத்திரங்களுமே. இடையிலுள்ள செங்கல் சுவர் அடைப்புக்காகக் கட்டப்பட்டது. போல்ட் கான்கிரீட்டில் இறங்கியிருக்கிறதா, செங்கல்லிலா, வெறும் பூச்சிலா என்பது பெரிய வேறுபாடு.

அடித்தளம்: மீதிப் பாதி எடையை இரண்டு முன்தூண்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு தூணுக்கு 390 கிலோகிராம். விசையாகச் சொன்னால் ஏறக்குறைய 3,900 நியூட்டன். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று படித்திருப்பீர்கள். தூணின் அடியில் 50 சென்டிமீட்டர் சதுரமான கான்கிரீட் பாதம் இருந்தால் பரப்பு 0.25 சதுர மீட்டர். மண்ணின்மேல் அழுத்தம் 15,600 பாஸ்கல். பாதம் 20 சென்டிமீட்டர் சதுரம் மட்டுமே என்றால் பரப்பு 0.04 சதுர மீட்டர். அழுத்தம் 97,500 பாஸ்கல். எடை ஒன்றுதான், அழுத்தம் ஆறு மடங்குக்கு மேல். தூண், உத்திரம் ஆகியவற்றின் சொந்த எடையை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

மண்: கிள்ளான் போன்ற கரையோரப் பகுதிகளில் மென்மையான களிமண் ஆழமாகப் படிந்திருக்கிறது. அங்கே வீட்டைப் பைலிங் செய்து கட்டுவார்கள். அதாவது, உறுதியான அடுக்கை நோக்கிக் கான்கிரீட் தூண்களை ஆழமாக இறக்குவார்கள். பிறகு ஒட்டிக் கட்டும் சமையலறைக்கும் போர்ச்சுக்கும் பலர் பைலிங் செய்வதில்லை. வீடு அப்படியே நிற்க, ஒட்டுப் பகுதி மட்டும் மெல்ல அமிழும். இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் திறக்கும். உங்கள் தாமானில் இத்தகைய விரிசல்களைப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் என்ன பார்க்கலாம்?

கூரைமேல் ஏற வேண்டாம். தரையில் நின்றபடியே பார்க்க நிறைய இருக்கிறது. நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தூண் அருகே தொங்கவிட்டால், தூண் சாய்ந்திருக்கிறதா என்று தெரியும். இரும்புத் தூணின் அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் தேங்குவது அங்கேதான். சுவரும் போர்ச்சும் சேரும் இடத்தில் விரிசல் இருந்தால், அதன் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டிப் போனால் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

ஆனால் பாதத்தின் அளவையும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும், மண்ணின் வலிமையையும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குப் பதிவு பெற்ற பொறியியலாளர் வேண்டும். புயற்காற்று கூரையை மேலே இழுக்கும் விசையையும் அவர் கணக்கில் சேர்ப்பார். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, வீட்டில் இத்தகைய கூடுதல் கட்டுமானத்துக்கு முன் ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் பெற வேண்டும்.

2009 ஜூன் 2ஆம் தேதி, கோலத்திரங்கானுவில் சுல்தான் மிசான் சைனால் அபிடின் விளையாட்டரங்கின் கூரையில் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. அரங்கம் திறக்கப்பட்டது 2008இல். ஓராண்டு நின்ற கூரைதான் அதுவும்.

அந்த மாணவர் வீட்டில் என்ன ஆனது? கணக்கைத் தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினார். அப்பா ஒரு பொறியியலாளரை அழைத்தார். தூண் அருகே சிறு குழி தோண்டிப் பார்த்தபோது, பாதமே இல்லை. தூண் வெறும் சிமெண்டுத் தரையின்மேல் நின்றது. ஓடு போடும் யோசனை கைவிடப்பட்டது. அடியில் வெப்பத்தடுப்புப் பஞ்சு வைத்த மெல்லிய உலோகத் தகடு வந்தது. அதன் எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோகிராம், மொத்தம் 180 கிலோகிராம். அதற்கும் பொறியியலாளர் கணக்குப் போட்டு, தூண்களுக்குப் பாதம் அமைத்த பிறகே ஒப்புதல் தந்தார்.

பாட்டி இப்போது மதியத்திலும் அங்கே உட்காருகிறாராம். உங்கள் வீட்டிலும் யாராவது "இத்தனை வருடம் நின்றதே" என்று சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு எடையோடு நின்றது?"