ஏல ஸ்டோரும் கிதாரும்

உடும்பஞ்சோலை மலை வட்டாரத்தில், நெடுங்கண்டம் முதல் பூப்பாறை வரையில் பரந்து கிடக்கும் ஏலத் தோட்டங்களில் காய் எடுப்பு நடைபெறும் மாதங்களில், பகலெல்லாம் பறித்த பச்சைக் காய் அந்தியில், ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்துக்கு வந்து, தட்டுகளில் பரப்பப்பட்டு, விறகடுப்பிலிருந்து அறைக்குள் ஓடும் இரும்புக் குழாய்களின் உஷ்ணத்தில் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் கிடந்து உலர்வதை அம்மலைவாசிகள் அனைவரும் அறிவர். பச்சைக் காயின் எடையில் நூற்றுக்கு 80 பங்காக இருந்த நீர் 10 அல்லது 12 பங்காக இறங்கும் வரையில், அறையின் வெப்பம் 45 டிகிரிக்குக் கீழே தாழாமலும் 55 டிகிரிக்கு மேலே ஏறாமலும் இரவு முழுதும் ஒருவர் கண்விழித்து அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் ஏலக்காயை உலர்த்துகிற பௌதிக நியதி எதுவோ, அதே நியதிதான் பனிக்காலத்தில், கதகதப்பான ஒரு வீட்டிற்குள், சுவரில் மாட்டியிருக்கும் கிதாரின் முகப்பலகையைப் பிளந்து விடுகிறது.

கிதார் என்றால் இம்மலைக்கு அந்நியமான வாத்தியம் என்று எண்ணிவிடலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம், உலகெங்கும் செய்யப்படும் உயர்ந்த கிதார்களின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. பிரேசில் நாடு தன் ஈட்டியினத்து மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை 1960-களின் பிற்பகுதியில் நிறுத்தியபோது, அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் கம்பெனி 1969-ல் நம் நாட்டு ஈட்டிக்கு மாறியது. ஏனைய பட்டறைகளும் அவ்வழியே சென்றன. பிரேசில் மரம் 1992-லும், ஈட்டியின் பேரினம் முழுவதும் 2017-லும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பிரேசில் மரத்தாலானவை நீங்கலாக, செய்து முடிந்த இசைக் கருவிகளுக்கு 2019-ல் விலக்கு அளிக்கப்பட்டது. மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்து, தமையன்மாரோடு வாத்தியம் சுமந்து ஊர் ஊராகப் பாடி வந்த இளையராஜா, பின்னர் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிதாரில் தேறியவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். இன்று மலைமீதுள்ள தேவாலயங்களிலும் இளைஞர் கையிலும் கிதார் சகஜமாகப் பழகிவிட்டது. ஆயினும், அதைக் காக்கும் முறை பெரும்பாலும் பனி நாடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அக்குறிப்புகளின் காரணத்தை உணராமல் பின்பற்றினால், நன்மைக்குப் பதில் விபரீதமே விளையும்.

மரம் வெட்டுண்டு, அறுபட்டு, மெருகேறி, வாத்தியமாகிப் பல தலைமுறைகள் கழிந்த பின்னரும், சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்வதும் காற்றுக்கு ஈரத்தைத் திருப்பிக் கொடுப்பதுமான தன் சுபாவத்தை விடுவதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 50 ஆக இருக்கும் அறையில் நெடுநாள் இருந்த மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 9 விழுக்காடு நீரைத் தாங்கி நிற்கும். 80 ஆனால் அது 16-க்கு உயரும். 25 ஆனால் 5-க்குத் தாழும். நீர் ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக அன்று: நார்வாட்டில் நீளம் மாறுவது மிக அற்பம், குறுக்குவாட்டில்தான் மாறுதல் பெரிது. கிதாரின் முகப்பலகைக்குப் பெரிதும் உபயோகமாகும் ஸ்ப்ரூஸ் மரத்தை ஆரவாட்டில் அறுத்தால், ஒரு விழுக்காடு நீர் குறைவதற்கு 40 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுருங்கும். காற்றின் ஈரம் 50-லிருந்து 25-க்கு இறங்கிச் சில வாரங்கள் அப்படியே நின்றால், பலகை 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக வேண்டியிருக்கும். குறுகுவதற்கோ இடமில்லை, ஏனெனில் பலகையின் உட்புறத்தில் குறுக்காக ஒட்டப்பட்டுள்ள சட்டங்கள், அதே திசையில் தங்கள் நார் ஓடுவதால், நீளம் மாறாமல் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. விட்டுக்கொடுக்க இயலாத அந்த இழுபறியில், நாருக்கும் நாருக்கும் இடையே எங்கே பலவீனமோ அங்கே பலகை பிளக்கிறது.

இதற்குக் காரணம் குளிர் என்று பலர் நம்புகின்றனர். குளிர் மட்டும் மரத்தைப் பிளப்பதில்லை. காற்று தாங்கக்கூடிய நீராவி வெப்பத்தோடு வெகு வேகமாக அதிகரிக்கிறது: ஒரு கன மீட்டர் காற்று 12 டிகிரியில் 10.7 கிராம் நீராவியோடு நிறைந்துவிடும். 25 டிகிரியில் 23 கிராமும், 50 டிகிரியில் 83 கிராமும் அதற்கு வேண்டும். எனவே மூடுபனி நிறைந்த 12 டிகிரி விடியற்காற்றை, வேறு ஈரம் சேராமல், ஏல ஸ்டோருக்குள் விட்டு 50 டிகிரிக்குச் சூடாக்கினால், நிறைந்திருந்த அதே காற்று இப்போது நூற்றுக்கு 13 பங்கு மட்டுமே நிறைந்ததாகி, எதிர்ப்பட்ட பொருளிலிருந்தெல்லாம் நீரை உறிஞ்சத் தொடங்கும். இனி, ஈழத்தமிழர் பெருவாரியாக வாழும் டொரண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதிக்குச் செல்வோம். தை மாதத்தில் வெளியே உறைநிலைக்கு 10 டிகிரி கீழே நிற்கும் காற்று, கன மீட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகமான நீராவியையே சுமக்க வல்லது. அதை வீட்டிற்குள் 21 டிகிரிக்குச் சூடாக்கினால் கிடைப்பதும் ஏறத்தாழ அதே 13 பங்குதான்! சமையலும் குளியலும் மூச்சும் அதைச் சற்று உயர்த்தும் என்பது மெய்யே. ஆயினும், மனிதருக்கு இதமாகத் தோன்றும் அந்த வரவேற்பறை, அங்கே சாய்த்து வைக்கப்பட்ட கிதாருக்கோ, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுபோன வீணைக்கோ, ஏலக்காய் ஸ்டோருக்கு நெருங்கிய உறவாகவே இருக்கிறது.

உடும்பஞ்சோலையின் நிலை வேறு. இங்கே மார்கழி இரவில் அடுப்பங்கரையைக் கதகதப்பாக்கினாலும், மேற்சொன்ன விடியற்காற்று 25 டிகிரியில் 46 பங்கு ஈரத்தோடு இருக்கும். கிதாருக்கு உகந்ததென்று செய்வோர் கூறும் 45 முதல் 55 வரையிலான எல்லைக்குள் அது அடங்கிவிடுகிறது. மலையில் உண்மையான அபாயம் மூன்று வகைகளில் உள்ளது. ஒன்று, ஸ்டோருக்கு அடுத்த அறையிலோ, அடுப்புச் சுவரிலோ வாத்தியத்தை மாட்டுவது. இன்னொன்று, பனி நின்று, ராமக்கல்மேட்டு முகட்டில் காற்று வறண்டு வீசும் மாசி, பங்குனி நாட்கள். எல்லாவற்றிலும் கொடியது, ஆனியில் தொடங்கி வாரக்கணக்கில் ஓயாத தென்மேற்குப் பருவமழை. அப்போது காற்று ஏறக்குறைய நிறைந்தே இருப்பதால், முகப்பலகை உப்பி, கம்பிகள் மெட்டுகளிலிருந்து உயர்ந்து, விரலால் அமுக்குவதே சிரமமாகி, நாதம் மங்கி, உட்புறத்தில் பூஞ்சணம் படர்கிறது. அந்நிலையில், பனி நாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு ஈரப் பஞ்சைப் பெட்டிக்குள் வைப்பவர் நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுக்கிறார். போடிமெட்டு வழியாக ஏறத்தாழ 1,000 மீட்டர் இறங்கி, மழைமறைவான போடிநாயக்கனூருக்குக் கச்சேரிக்குப் போகிறவர்களோ, ஒரே பிற்பகலில் இரு வேறு சீதோஷ்ணங்களை வாத்தியத்தின் மீது ஏற்றுகின்றனர்.

ஆகையால் முதலில் வாங்க வேண்டியது ஈரப்பதமானி; விலையோ சொற்பம். அது மெய் சொல்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சமையல் உப்பில் சில துளி நீர் விட்டுக் குழைத்து, மானியோடு ஒரு டப்பாவில் இறுக மூடி ஒரு நாள் வைத்தால், உள்ளே காற்று 75 பங்கு ஈரத்தில் நிற்கும். மானி எவ்வளவு விலகிக் காட்டுகிறதோ அதுவே அதன் பிழை. பிறகு கிதாரை இறுக மூடும் பெட்டியில் வைத்து, மானியையும் உள்ளே போட்டுவிட வேண்டும். 40-க்குக் கீழே காட்டினால், துளையிட்ட சோப்பு டப்பாவில், சொட்டாதவாறு பிழிந்த பஞ்சை வைப்பது போதும். 60-க்கு மேலே காட்டினால் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அது நிறைந்ததும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் உபயோகிக்கலாம். பூட்டிய காருக்குள் வெயிலில் விடுவதை எக்காலத்திலும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அங்கே ஏறும் உஷ்ணத்தில் ஈரம் போவதோடு பசையும் இளகத் தொடங்கும். பயணம் முடிந்து சேர்ந்ததும் பெட்டியைத் திறக்க அவசரப்படாமல், அறையின் வெப்பத்துக்கு அது மெல்ல வரும் வரை சில மணி நேரம் பொறுத்திருத்தல் நலம்.

பசையால் அடுக்கி ஒட்டிய பிளைவுட் கிதாரை மட்டமென்று ஒதுக்குவோர் உளர். அதன் நாதம் முழுமரத்தின் நாதத்துக்கு ஈடாகாது. எனினும் நாரும் குறுக்கு நாருமாக அடுக்கப்பட்ட பலகை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், அது எளிதில் பிளவுறுவதில்லை. ஆண்டு முழுதும் ஜன்னல் திறந்த மலைத் தேவாலயத்தில் பலர் கைமாறி வாசிக்கும் வாத்தியம் அவ்வகையாக இருப்பதே நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். வீணையின் சங்கதி தனி. தஞ்சாவூர் வீணை பலா மரத்தாலானது. அதன் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் கலந்த படுகையில் பதிந்திருப்பதால், ஈரத்தைக் காட்டிலும் உஷ்ணமே அதற்குப் பெரும் பகை. மெழுகு இளகி மெட்டுகள் இம்மி நகர்ந்தாலும் சுருதி கெட்டு, அவற்றை மறுபடியும் சுருதிக்குப் பதித்து மேளம் கட்ட வேண்டியதாகிவிடும்.

வறட்சி வருவதை முன்கூட்டியே உணர்த்தும் அடையாளம் ஒன்று கிதாரில் உண்டு. கழுத்துப் பலகை சுருங்க, உலோக மெட்டுகள் சுருங்காமையால், அவற்றின் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு உள்ளங்கையில் உரசும். அப்போதே ஈரம் கொடுத்தால் பெரும்பாலும் முகப்பலகை தப்பிவிடும். தப்பாமல் விரிசல் கண்டுவிட்டால், உடனே அதில் பசையை ஊற்றுதல் கூடாது. பசை இறுகிய பின் மரம் ஈரம் பெற்று விரிய முற்பட்டால், விளிம்புகள் கூடிவர இடமிராது. கம்பிகளைத் தளர்த்தி, ஈரப் பஞ்சுடன் பெட்டியில் இரண்டு, மூன்று வாரம் மூடி வைத்தால், பிளவின் இரு விளிம்புகளும் தாமாகவே கூடிவரும். அவை கூடிய பிறகே தேர்ந்த பணியாளரிடம் கொடுத்து ஒட்டி, உட்புறத்தில் சிறு மரத்துண்டுகளைக் குறுக்காக வைத்து வலுப்படுத்த வேண்டும்.