இசைத்தட்டில் வாழ்வோரும் திரையில் தோன்றுவோரும்

ரொக் இசை என்றதும் முகத்தைச் சுளிப்போர் எம்மிடையே இன்றும் உளர். அது வெறும் இரைச்சல் என்பது அவர்களது தீர்ப்பு. இத்தீர்ப்பை வழங்குவோரிற் பலர் அவ்விசையைச் செவியாற் கேட்டதிலும் பார்க்கத் திரையிலே கண்டதே அதிகம். இடுப்பை ஆட்டும் வாலிபனையும் அலறி மயங்கும் மங்கையரையும் கண்டார்கள்; காதுக்கு வேலை கொடுக்க மறந்தார்கள். ஆகவே, இவ்விசையின் பெருங் கலைஞர்களை இசைத்தட்டு எவ்வாறு காட்டிற்று, திரைப்படம் எவ்வாறு காட்டிற்று என்பது பற்றி எமக்குத் தோன்றிய சிலவற்றை இங்கே கூற விழைகின்றோம். எமது கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பாடகனைப் பிடித்து நடிகனாக்கிய படங்கள் பெரும்பாலும் அவனைச் சிறுமைப்படுத்தின. அவன் தன் தொழிலைச் செய்யும்போது ஒதுங்கி நின்று பார்த்த படங்களோ இசைத்தட்டினாலும் தர இயலாத ஒன்றைத் தந்தன.

எல்விஸ் பிரெஸ்லியை எடுத்துக்கொள்வோம். 1954ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மெம்பிஸ் நகரிலே சாம் பிலிப்ஸ் என்பார் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், 'தட்ஸ் ஓல் ரைட்' என்ற பாட்டை அவர் பாடினார். அப்போது அவருக்கு வயது 19. கறுப்பினப் பாடகரான ஆதர் குருடப் 1946இல் பதிவு செய்திருந்த பாட்டு அது. எல்விஸின் தட்டில் முரசு கூடக் கிடையாது. ஸ்கொட்டி மூரின் மின் கிற்றார், பில் பிளாக் அடித்து மீட்டிய பெரிய பாஸ் வாத்தியம், எல்விஸின் கையிலிருந்த கிற்றார், அவ்வளவே. ஆயினும் அந்தக் குரலிலே துள்ளும் மகிழ்ச்சியை இன்று கேட்பவரும் உணராதிருக்க முடியாது.

இத்தகைய ஒருவரை ஹொலிவூட் என்ன செய்தது? 1956 முதல் 1969 வரை 31 கதைப் படங்களில் நடிக்க வைத்தது. அவற்றுள் 1958இல் மைக்கல் கேட்டிஸ் நெறிப்படுத்திய 'கிங் கிரியோல்' நல்ல படம். மனிதருக்கு நடிக்கவும் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால், இராணுவ சேவை முடிந்து 1960இல் அவர் திரும்பிய பின்னர் வந்தவற்றிற் பெரும்பாலானவை கடற்கரை, மோட்டார்ப் பந்தயம், சூழ நிற்கும் யுவதிகள் என ஒரே அச்சில் வார்த்தவை. படத்துக்காகப் பாட்டு, பாட்டுக்காகத் தட்டு என்றாகி, அவருடைய இசைத்தட்டுகளும் நலிந்து போயின.

அவரை மீட்டது, விந்தையாக, மற்றொரு கமராதான். 1968 டிசெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நிகழ்ச்சி ஒன்றில், கறுப்புத் தோலாடை அணிந்து, நாற்புறமும் இரசிகர் சூழ்ந்த ஒரு சிறிய மேடையிலே பழைய தோழர்களுடன் அமர்ந்து பாடினார் எல்விஸ். பழைய முரசறைவோனாகிய டி. ஜே. பொன்ரானா கிற்றார்ப் பெட்டி ஒன்றைத் தட்டித் தாளம் போட்டார். எல்விஸ் இடையிடையே சிரித்தார், வியர்த்தார். 31 படங்களையும் ஒரு தட்டிலும் இந்நிகழ்ச்சியை மறுதட்டிலும் வைத்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

பீட்டில்ஸ் குழுவினர் இந்த வலையில் முற்றாகச் சிக்கவில்லை. 1964இல் றிச்சர்ட் லெஸ்ரர் எடுத்த 'எ ஹார்ட் டேய்ஸ் நைற்' படத்தில் அந்நால்வரும் தாமாகவே தோன்றினர். ஓடினர், விகடம் பேசினர், பாடினர். அப்படம் இன்றும் வாடாமல் இருப்பதன் இரகசியம் இதுவே.

ஆனால், எம்மை அதிகம் ஈர்ப்பது 1969 சனவரியில் அவர்களைப் பிடித்த படச்சுருள்களே. அவற்றிலிருந்து உருவான 'லெற் இற் பீ' படம் 1970இல், குழு பிரிந்த செய்தியின் பின்னால் வெளிவந்தது. ஆகவே அதைப் பார்த்தோர் மரண வீட்டுக்கு வந்தோர் போலவே பார்த்தனர். அதே சுருள்களை எடுத்து 2021இல் பீற்றர் ஜாக்சன் ஏறத்தாழ 8 மணி நேரத் தொடராக்கினார். அதில் ஓரிடம்: ஒரு காலை வேளை, ஜோன் லெனன் இன்னும் வந்து சேரவில்லை. போல் மக்கார்ட்னி பாஸ் கிற்றாரைத் தட்டித் தட்டி ஏதோ முணுமுணுக்கிறார். எதிரே ஜோர்ஜ் ஹரிசன் கொட்டாவி விடுகிறார். றிங்கோ சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். சில நிமிடங்களில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து 'கெற் பாக்' பாட்டு மெல்லத் தலைகாட்டுகிறது. தட்டிலே அப்பாட்டைக் கேட்டோர் அது பிறந்தபோது பக்கத்திலிருந்தவர் கொட்டாவி விட்டார் என்பதைக் கனவிலும் நினைத்திரார். 8 மணி நேரம் என்பது மிகையே. வாட்டிய பாணும் தேநீரும் வந்து போவதை இத்தனை தடவை காட்ட வேண்டியதில்லை. இருப்பினும் அந்தச் சில நிமிடங்களுக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இசைத்தட்டு மட்டும் எப்போதும் உண்மை பேசும் என்று நாம் சாதிக்க வரவில்லை. அதே 1970இல் வந்த 'லெற் இற் பீ' இசைத்தட்டில், போலின் பாட்டொன்றின் மேல் பில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் வாத்தியக் குழுவையும் பெண்கள் பாடும் கோஷ்டியையும் ஏற்றிவைத்தார். போலுக்கு அது அறவே பிடிக்கவில்லை. அந்தப் பூச்சையெல்லாம் களைந்து 2003இல் வேறொரு பதிப்பு வந்தது. எமக்கு இரண்டாவதே உவப்பு.

அண்மைக் காலத்தில் பெருகியுள்ள வாழ்க்கைச் சரிதப் படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2018இல் வந்த 'பொஹீமியன் றப்சடி' பெரும் பணம் ஈட்டியது. பிறெடி மேர்க்குரியாக நடித்த றாமி மாலெக்குக்கு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. நடிப்பு நன்றே. ஆனால், பிரிந்து கிடந்த 'குயின்' குழு 1985 யூலையில் நடந்த லைவ் எயிட் நிகழ்ச்சிக்காக மீண்டும் கூடியது என்கிறது படம். மெய்யாகவே அக்குழு அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர் வரை ஊர் ஊராகச் சென்று பாடிக்கொண்டுதான் இருந்தது. அந்த மேடையில் மேர்க்குரி நின்ற இருபது நிமிடங்களும் ஒளிப்பதிவாகவே கிடைக்கும்போது நகல் எதற்கு என்பது எமக்கு விளங்கவில்லை.

நாம் கண்டவற்றுள் மேலானது 1970இல் மேய்ஸில்ஸ் சகோதரரும் சார்லொற் ஸ்வேரினும் உருவாக்கிய 'கிம்மி ஷெல்ரர்'. ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் அமெரிக்கப் பயணத்தைக் காட்டும் படம் அது. 1969 டிசெம்பர் 6ஆம் திகதி, கலிபோர்னியாவின் அல்ரமொன்ற் பந்தயத் திடலிலே அவர்கள் பாடிக்கொண்டிருக்கையில், காவலுக்கு நின்ற மோட்டார் சைக்கிள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் 18 வயது இளைஞனை மேடைக்கு முன்னே குத்திக் கொன்றான். அவ்விளைஞனின் கையிலே கைத்துப்பாக்கி இருந்தது. கமரா அதையும் பிடித்துவிட்டது. படத்தொகுப்பு மேசை முன் இருந்து மிக் ஜாகர் அக்காட்சியைப் பார்க்கிறார். திருப்பிக் காட்டச் சொல்லி மீண்டும் பார்க்கிறார். பின்னர் எழுந்து போகிறார்.

ஆயினும், எம் மனத்தை விட்டு அகலாதது அதற்குச் சில தினங்கள் முந்திய காட்சி ஒன்று. அலபாமாவிலுள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், தாம் அப்போதுதான் பதிந்த 'வைல்ட் ஹோர்சஸ்' பாட்டைக் குழுவினர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். ஒருவரும் பேசவில்லை. கீத் றிச்சர்ட்ஸ் கண்களை மூடியிருக்கிறார். முரசறைவோரான சார்ளி வாட்ஸின் முகத்தில் கமரா நெடுநேரம் தங்குகிறது. அவரும் அதை நேரே பார்க்கிறார். வரவிருப்பதைப் படம் பார்க்கும் நாம் அறிவோம், அவர் அறியார். வாட்ஸ் 2021இல் காலமானார். 1971இல் வெளிவந்த 'ஸ்ரிக்கி பிங்கர்ஸ்' தட்டில் அப்பாட்டு இருக்கிறது. இப்போது அதைப் போட்டுக் கேட்டால், முரசு வந்து நுழையும் இடத்திலே அந்தப் பார்வைதான் எமக்கு முன்னே வந்து நிற்கின்றது.